ஹோரஸ் முதல் கிருஷ்ணர் வரை: ‘எல்லாம் ஒரே கதை’ பட்டியலைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் போதும், வாட்ஸாப் குழுக்களில் அந்தப் பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். எகிப்தின் ஹோரஸ், ரோமில் வழிபட்ட மித்ராஸ், ஆசியா மைனரின் அத்திஸ், கிரேக்கத்தின் டயோனிசஸ், கிருஷ்ணர் என்று ஐந்தாறு தெய்வப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே வரிகள்: கன்னிக்குப் பிறந்தார், டிசம்பர் 25 பிறந்தநாள், பன்னிரண்டு சீடர்கள், சிலுவை மரணம், மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல். கடைசியில் ‘இயேசுவின் கதை அப்படியே காப்பி’ என்று தீர்ப்பு. 2007இல் இணையத்தில் பரவிய ஓர் ஆவணப்படம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதிலுக்கு வரும் மறுப்புகளும் சளைத்தவை அல்ல. ‘ஒற்றுமை என்று ஒன்றுமே கிடையாது’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள்.

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியலில் இருக்கும் வரிகளில் பெரும்பாலானவை தவறு. உண்மையான ஒற்றுமைகளும் இருக்கின்றன; ஆனால் அவை பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியேதான் கிடக்கின்றன. எது எது என்று நீங்களே பிரித்துப் பார்க்க எகிப்திய மொழியோ கிரேக்கமோ தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டும், மூலநூல்களின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படிக்கும் பொறுமையும் போதும். நீங்கள் கோயிலுக்குப் போகிறவரா, சர்ச்சுக்குப் போகிறவரா, எதற்கும் போகாதவரா என்பது இந்த வேலைக்குத் தேவையில்லை.

முதல் படி: உங்களுக்குத் தெரிந்த பெயரிலிருந்து தொடங்குங்கள்

ஹோரஸைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஹோரஸ் வரிகளைப் படித்ததும் நம்பிவிடுகிறோம். கிருஷ்ணரைப் பற்றிப் பாட்டி சொன்ன கதையாவது தெரியும். ஆகவே பட்டியலைச் சோதிக்க அவரே நல்ல இடம்.

கன்னிக்குப் பிறந்தாரா? தேவகிக்கு அவர் எட்டாவது பிள்ளை. பாகவதத்தில் திருமால் முதலில் வசுதேவரின் மனத்தில் புகுந்து, அங்கிருந்து தேவகியிடம் வந்ததாக வருகிறது. அதனால் கருத்தரிப்பு சாதாரணமானதல்ல என்று சொல்லலாம். கன்னிப் பிறப்பு என்று சொல்ல முடியாது. டிசம்பர் 25? தேய்பிறை அஷ்டமி, ரோகிணி நட்சத்திரம்; நாம் சீடை முறுக்கு சுடுவது ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ. சிலுவை? மகாபாரதத்தின் மௌசல பர்வத்தில், காட்டில் படுத்திருந்தவரின் பாதத்தை மான் என்று நினைத்து ஜரா என்ற வேடன் அம்பால் அடிக்கிறான். அதன்பின் அவர் தம் உலகத்துக்குத் திரும்புகிறார். மூன்றாம் நாள் என்று எங்கும் இல்லை.

பட்டியலில் பல சமயம் விட்டுப்போகும் ஒன்று இருக்கிறது: கம்சன். பிறந்த குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் அரசன், இரவோடு இரவாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்படும் குழந்தை. மத்தேயு நற்செய்தியில் ஏரோது மன்னன் பெத்லகேம் குழந்தைகளைக் கொல்ல, யோசேப்பு குடும்பத்தோடு எகிப்துக்குப் போகிறார். இது கவனிக்க வேண்டிய ஒற்றுமை. இதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன்.

ஒரு சுவையான உபகதை. 19ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் வேபர் என்ற ஜெர்மன் அறிஞர் இதே ஒற்றுமைகளை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் வாதாடினார்: கிறிஸ்தவக் கதைகள்தான் கிருஷ்ணர் கதைக்குள் புகுந்தன என்றார். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் பெஸ்நகரில் ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் வாசுதேவருக்காக நட்ட தூண் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. வாசுதேவ வழிபாடு இயேசுவுக்கு முந்தியது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. குழந்தைப் பருவக் கதைகளை விரிவாகச் சொல்லும் ஹரிவம்சமும் பாகவதமும் அதற்குப் பிந்தியவை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் ஒற்றுமையை மட்டும் வைத்து வாதாடினால் யார் யாரிடமிருந்தும் திருடியதாகச் சொல்லிவிடலாம்.

நன்றாகத் தெரிந்த பெயரிலேயே, சோதித்த நான்கு வரியில் ஒன்றும் தேறவில்லை. தெரியாத பெயர்களை இனி எந்தக் கண்ணோடு பார்ப்பது என்பது உங்களுக்கே விளங்கும்.

இரண்டாம் படி: இயேசு பக்கத்தையும் சரிபாருங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘டிசம்பர் 25, மூன்று ராஜாக்கள்’ என்பது கிறிஸ்துமஸ் குடிலில் இருக்கிறது. நற்செய்தி நூல்களில் இல்லை. மத்தேயு கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்கிறார், அவர்களை ராஜாக்கள் என்றோ மூவர் என்றோ சொல்லவில்லை. பிறந்த தேதியை நற்செய்தி எழுதிய நால்வரில் ஒருவரும் எழுதவில்லை. பிறப்புக் கதையே மத்தேயுவிலும் லூக்காவிலும்தான் வருகிறது. அவர்களுக்கு முன்பே கடிதங்கள் எழுதிய பவுலும் நற்செய்தி எழுதிய மாற்கும் கன்னிப் பிறப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

தேதியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்வது நல்லது. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் என்ற கிறிஸ்தவ அறிஞர், சிலர் மே மாதத்தில் வரும் ஒரு நாளைச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். டிசம்பர் 25 தெளிவாகக் கிடைப்பது ரோமில் தொகுக்கப்பட்ட 354ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில். அதில் உள்ள ஒரு பட்டியல் 336ஐச் சேர்ந்தது என்பார்கள். அதே தொகுப்பில் அதே நாளுக்கு நேராக ‘வெல்லமுடியாதவனின்’ பிறந்தநாள், முப்பது தேரோட்டப் பந்தயங்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. அது சூரியதேவன் சோல் இன்விக்டஸ் என்று கொள்கிறார்கள். பேரரசர் ஆரேலியன் 274இல் அவருக்கு ரோமில் கோயில் கட்டினார். திருச்சபை அந்த விழாவின் நாளை எடுத்துக்கொண்டது என்பது ஒரு கருத்து. மார்ச் 25இல் கருத்தரிப்பு என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது மற்றொன்று. அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எது சரியானாலும் இது 4ஆம் நூற்றாண்டின் விழா நாளைப் பற்றிய கேள்வி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதில் விடை கிடையாது. ஆகவே பட்டியலில் எந்தத் தெய்வத்துக்கு நேராக டிசம்பர் 25 வந்தாலும், ஒற்றுமைக் கணக்கிலிருந்து அந்த வரியை அடித்துவிடலாம்.

மூன்றாம் படி: முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது எந்தப் பழைய நூலில், எந்தக் கல்வெட்டில், எந்தச் சிற்பத்தில் இருக்கிறது? ‘அறிஞர்கள் சொல்கிறார்கள்’ என்பது பதில் ஆகாது. பின்னோக்கிப் போகப் போக, பெரும்பாலும் இரண்டு பேரிடம் போய் முட்டிக்கொள்வீர்கள். ஒருவர் அமெரிக்கரான கெர்சி கிரேவ்ஸ். சிலுவையில் அறையப்பட்ட பதினாறு இரட்சகர்கள் என்று 1875இல் ஒரு புத்தகம் போட்டார். மற்றவர் ஜெரால்டு மாசி, ஆங்கிலக் கவிஞர், தாமாகவே எகிப்தியல் கற்றவர். இவர்களிடம் வந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று இன்னொரு எட்டு பின்னால் போங்கள்.

ஹோரஸை வைத்துச் செய்துகாட்டுகிறேன். எகிப்தில் ஒரே ஒரு முழுக் கதைநூல் கிடையாது. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் உனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவரில் தொடங்கும் மந்திரங்கள், கோயில் சிற்பங்கள், மருத்துவ மந்திரக் கற்கள் என்று சிதறிக் கிடக்கின்றன. தொடர்ச்சியான கதையாகச் சொல்பவர் கி.பி. 100ஐ ஒட்டி எழுதிய கிரேக்கரான ப்ளூட்டார்க். அவர் சொல்படி ஹோரஸின் தந்தை ஓசிரிஸை அவன் தம்பி சேத் கொன்று பதினான்கு துண்டாக்குகிறான். ஓசிரிஸின் மனைவி ஐசிஸ் துண்டுகளைத் தேடிச் சேர்க்கிறாள். ஆணுறுப்பு மட்டும் கிடைக்கவில்லை, மீன் தின்றுவிட்டது. அபைதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில், இறந்து கிடக்கும் கணவன் உடல்மேல் ஐசிஸ் பருந்து வடிவில் அமர்ந்து கருத்தரிக்கும் சிற்பம் இருக்கிறது. அதிசயப் பிறப்பு, சந்தேகமில்லை. கன்னிப் பிறப்பு என்று சொல்ல அந்தச் சிற்பமே இடம் தராது.

பிறந்தநாள்? ப்ளூட்டார்க்கிடமே இரண்டு விடை இருக்கிறது: மூத்த ஹோரஸ் ஆண்டின் கடைசியில் சேர்க்கப்படும் ஐந்து நாட்களில் இரண்டாவதில் பிறக்கிறான், குழந்தை ஹோரஸ் குளிர்காலச் சூரியத் திருப்பத்தை ஒட்டிப் பிறக்கிறான். இரண்டாவதைப் பட்டியல்காரர் பிடித்துக்கொள்வார், முதலாவதைச் சொல்லமாட்டார். பன்னிரண்டு சீடர்கள்? ஹோரஸுக்கு நான்கு மகன்கள் உண்டு. இறந்தவரின் உள்ளுறுப்புகளை வைக்கும் சாடிகளுக்குக் காவலர்கள். பன்னிரண்டு என்ற எண் எகிப்தில் தட்டுப்படுவது இரவின் பன்னிரண்டு மணி நேரங்களில். சிலுவை? இல்லவே இல்லை. ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மெட்டர்னிக் கல்லைப் பாருங்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. தேள் கொட்டி உயிரற்றுக் கிடக்கும் குழந்தை ஹோரஸை, ஐசிஸின் ஓலத்தைக் கேட்டு வந்த தோத் என்ற தெய்வம் மீட்கிறார். செத்துப் பிழைத்த கதை என்றே இதைச் சொல்லலாம். பட்டியலில் இருப்பதைவிட உருப்படியான இந்தச் செய்தியைப் பட்டியல் போட்டவர் கண்டுகொள்ளவில்லை.

நான்காம் படி: ஆண்டைப் போடுங்கள்

தெய்வம் பழையது என்பதால் அந்தத் தெய்வத்தைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் பழையதாகிவிடாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மித்ராஸ் இதற்குச் சரியான உதாரணம். வேதத்து மித்திரன், பாரசீக மித்ரா எல்லாம் மிகப் பழைய பெயர்கள். ஆனால் குகை போன்ற கோயில்களில் ரோமப் படைவீரர்கள் வழிபட்ட, காளையைக் கொல்லும் மித்ராஸுக்கான கல்வெட்டும் சிற்பமும் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கத் தொடங்குகின்றன. கி.மு. 67 வாக்கில் சிலிசியக் கடற்கொள்ளையர் மித்ராஸ் சடங்கு செய்தார்கள் என்று ப்ளூட்டார்க் எழுதுகிறார்; அதையும் நோட்டில் ஏற்றுங்கள், ஆனால் அந்தச் சடங்கு என்ன என்று அவர் விவரிக்கவில்லை. அப்புறம் வரிகளைப் பாருங்கள். மித்ராஸ் பிறப்பது பாறையிலிருந்து. வளர்ந்த வாலிபனாக, கையில் கத்தியும் தீப்பந்தமுமாக வெளியே வருகிறான். பன்னிரண்டு சீடர்கள் எனப்படுவது சிற்பத்தைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ராசிகள். மித்ராஸ் இறந்ததாகவே சான்று இல்லை, சாவது காளை. 200 வாக்கில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் மித்ராஸ் சடங்கில் ‘உயிர்த்தெழுதலின் சாயல்’ இருப்பதாகக் குற்றம் சாட்டுகிறார். அது தீட்சை பெறும் ஆளுக்கான சடங்காக இருக்கலாம். தெய்வம் உயிர்த்தெழுந்த கதை என்று அவர் சொல்லவில்லை.

கிறிஸ்தவர்களின் திருவிருந்தோடு பார்த்தால், ரொட்டியும் கிண்ணமும் மட்டும் உறுதியான ஒற்றுமை. 150களில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், மித்ராஸ் வழிபாட்டிலும் ரொட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கிறார்கள், பேய்கள் நம்மைப் பார்த்துச் செய்தவை அவை என்று எரிச்சல்படுகிறார். பேய்களை விட்டுவிடுவோம். ஆனால் பவுல் அப்பமும் கிண்ணமும் பற்றி எழுதியது 50களில். எது முந்தியது என்ற கேள்விக்கு அந்த இடைவெளி முக்கியம்.

அத்திஸுக்கும் இதே சிகிச்சை. பாதாம் கொட்டையை மடியில் வைத்த பெண்ணுக்குக் கரு உண்டானது என்று 2ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் சொல்கிறார்; ஆணில்லாப் பிறப்பு, அந்த வரி தேறும். உயிர்த்தெழுதல்? 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அர்னோபியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் தரும் கதையில் உடல் அழுகாது, முடி வளரும், சுண்டுவிரல் அசையும். அவ்வளவுதான். அத்திஸ் வழிபாட்டின் மார்ச் 25 மகிழ்ச்சித் திருநாளைத் தெளிவாகக் காட்டுவதும் மேலே சொன்ன அதே 354ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம்தான்.

படங்களை வைத்து வாதாடினாலும் இதே கேள்விதான். பெர்லினில் இருந்து இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன ஒரு சிறு முத்திரைக்கல், சிலுவையில் தொங்கும் உருவமும் ‘ஓர்ஃபியோஸ் பாக்கிகோஸ்’ என்ற எழுத்தும் கொண்டது (பாக்கஸ் என்பது டயோனிசஸின் இன்னொரு பெயர்), அடிக்கடி பகிரப்படுகிறது. அது போலி என்று பல அறிஞர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்; உண்மையென்று வாதிட்டவர்களும் இயேசுவுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில்தான் வைத்தார்கள். எகிப்தின் லக்சர் கோயில் சிற்பத்தை மாசி ‘கன்னிக்கு வந்த தூது’ என்று விளக்கினார். பக்கத்திலேயே உள்ள எழுத்தைப் படித்தால், ஆமுன் தெய்வம் மன்னனின் உருவெடுத்து அரசி முத்தெம்வியாவோடு கூடியதைச் சொல்கிறது. படத்தை மட்டும் பகிர்ந்து எழுத்தை விட்டுவிடுவது மலிவான வேலை.

ஐந்தாம் படி: தொலைவில் தேடுமுன் பக்கத்து வீட்டைப் பாருங்கள்

நற்செய்தி எழுதியவர்கள் யூத வேதத்தில் ஊறியவர்கள். ஒரு ஒற்றுமைக்கு அங்கேயே மூலம் இருந்தால், நைல் நதிக்கும் யமுனைக்கும் போக வேண்டியதில்லை.

ஏரோது கதைக்குக் கம்சனைவிட நெருக்கமானவன், எபிரேய ஆண் குழந்தைகளை ஆற்றில் போடச் சொன்ன பார்வோன். தப்பிய குழந்தை மோசே. மத்தேயு இயேசுவை இரண்டாம் மோசேயாகக் காட்டுகிறார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வாசிப்பு. மூன்றாம் நாள் எழுப்புவார் என்ற பேச்சு ஓசேயாவில் இருக்கிறது. மூன்று பகல் மூன்று இரவு மீன் வயிற்றில் இருந்தவர் யோனா. அப்பம் பெருகிய அற்புதத்துக்கு, இருபது அப்பத்தில் நூறு பேர் உண்டு மிச்சமும் வைத்த எலிசாவின் கதை அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் கிடக்கிறது. பைபிள் பல தமிழ் வீடுகளில் இருக்கிறது. இந்தப் படிக்கு இணையம்கூட வேண்டாம்.

ஆறாம் படி: பட்டியலில் இல்லாதவற்றைத் தேடுங்கள்

வேலையின் ருசி இங்கேதான். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த பிரியேனே நகரத்துக் கல்வெட்டு, கி.மு. 9. அகஸ்டஸ் பேரரசர் பிறந்தநாளை ஆண்டின் முதல் நாளாக்கும் ஆணை அது. அதில் அவர் இரட்சகர். அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம். இயேசு பிறந்ததாகக் கருதப்படும் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே பேரரசில், அதே கிரேக்க மொழியில், பொது இடத்தில் நட்ட கல். அகஸ்டஸ் நாணயங்களில் ‘தெய்வத்தின் மகன்’ என்றே பொறித்திருந்தது. அவர் தாய் ஆத்தியா அப்போலோ கோயிலில் தூங்கும்போது பாம்பு வந்து சென்றதாகவும், பத்தாம் மாதம் பிள்ளை பிறந்ததாகவும் ஒரு கதையை ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார். காலம், இடம், மொழி மூன்றும் பொருந்தும் ஒற்றுமை இது. என்னைக் கேட்டால் பத்து ஹோரஸ் வரிகளுக்கு இந்த ஒரு கல் மேல்.

இன்னும் உண்டு. எலிஸ் நகரில் டயோனிசஸ் விழாவின்போது மூன்று காலிப் பானைகளை வைத்து அறையை முத்திரையிட, மறுநாள் அவற்றில் மதுரசம் நிறைந்திருக்கும் என்று பௌசானியாஸ் எழுதுகிறார்; இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தோடு வைத்துப் படியுங்கள். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கக் களிமண் பலகைகளில் சுமேரியப் பெண்தெய்வம் இனன்னா பாதாளத்துக்குப் போகிறாள், பிணமாகி ஆணியில் தொங்கவிடப்படுகிறாள், மூன்று பகல் மூன்று இரவுக்குப் பின் உதவி தேடப்பட்டு, உயிர்தரும் செடியும் நீரும் தெளிக்கப்பட எழுகிறாள். சாவதும் மீள்வதுமான தெய்வங்கள் கிறிஸ்தவத்துக்கு முன் இல்லவே இல்லை என்று மறுப்பவர்கள் இந்தப் பலகைகளைப் படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சுமேரிய இலக்கியத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, முன்பு சொன்ன ஜஸ்டின். தன் முதல் வாதுரையின் 21ஆம் அத்தியாயத்தில், கன்னிப் பிறப்பு, மரணம், விண்ணேற்றம் என்று நாங்கள் சொல்வது உங்கள் ஜூபிடரின் மகன்களைப் பற்றி நீங்கள் சொல்வதைவிடப் புதிதல்ல என்று ரோமர்களிடம் வாதாடுகிறார். ஒற்றுமையைக் கண்டுபிடித்தது இன்றைய நாத்திகர்கள் இல்லை. 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரே ஒப்புக்கொள்கிறார். அதே ஜஸ்டின் 55ஆம் அத்தியாயத்தில், சிலுவையில் அறையப்பட்டதாக மட்டும் ஜூபிடரின் எந்த மகனைப் பற்றியும் கதை இல்லை என்கிறார். கிரேவ்ஸின் பதினாறு பேரில் ஒருவரையாவது அந்தக் காலத்து ரோமர்கள் அறிந்திருந்தால், ஜஸ்டின் இப்படி எழுதிவிட்டுத் தப்பியிருக்க முடியுமா?

ஏழாம் படி: ‘காப்பி’ என்று எழுதுமுன் வழியைக் காட்டுங்கள்

இரண்டு கதை ஒத்திருப்பது ஒன்று, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது வேறொன்று. கைமாறிய வழி தெரிந்தால்தான் இரண்டாவதைச் சொல்லலாம். அப்படி வழி தெரிந்த கதையும் இருக்கிறது. புத்தரின் வாழ்க்கை மேற்கே பயணப்பட்டு, அரபியில் ஒரு வடிவம், அதிலிருந்து ஜார்ஜிய மொழி, பிறகு கிரேக்கம், லத்தீன் என்று போய், யோசபாத் என்ற கிறிஸ்தவப் புனிதராக முடிந்தது. கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் முன்பு நவம்பர் 27 அவருடைய நாளாக இருந்தது. ஒவ்வொரு மொழியிலும் பிரதிகள் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்களால் அடையாளம் காட்ட முடிந்தது. ஹோரஸ், மித்ராஸ் வரிகளுக்கு இப்படி ஒரு சங்கிலியை யாரும் காட்டியதில்லை. ஓவியத்தில் மட்டும் கைமாற்றம் தெளிவு: ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு அடியில் உள்ள கல்லறை ஒன்றில், சூரியதேவன் போலத் தேரில் வரும் கிறிஸ்துவை மொசைக்கில் பதித்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியை இதோடு கலக்காதீர்கள். இயேசு என்ற மனிதர் இருந்தாரா என்பது தனி வழக்கு. ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள், நம்பிக்கையற்றவர்கள் உட்பட, ஏற்கிறார்கள். அகஸ்டஸுக்குப் பாம்புக் கதை இருப்பதால் அகஸ்டஸ் பொய்யாகிவிடவில்லையே.

பயிற்சிக்கு, ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் மன்னன் ரோமுலஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம வரலாற்றாசிரியர் லிவியின் வரலாறு, முதல் புத்தகம், 16ஆம் பகுதி, கி.மு. 20களில் எழுதியது. புயலும் மேகமும் சூழ மன்னன் மறைகிறான், வானுக்குப் போனான் என்கிறார்கள், புரோகுலஸ் என்பவருக்குத் தோன்றிச் செய்தி சொல்லிவிட்டு மேலேறுகிறான். பக்கத்தில் லூக்கா 24, அப்போஸ்தலர் பணி 1. நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வரி, மூலம், ஆண்டு, யூத வேதத்தில் நெருக்கமானது. நான்காம் கட்டத்துக்கு எலியா விண்ணேறிய அரசர்கள் இரண்டாம் நூல் 2ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு, இரண்டில் எது லூக்காவுக்குக் கிட்ட நிற்கிறது என்று நீங்களே எழுதுங்கள்.